பேதுரு நீட்டாத பாதம்

(பெரிய வியாழன் மாலைத் திருப்பலி மறையுரை)



பெரிய வியாழன் வந்தால் நம் ஊரில் சோப்பு வியாபாரம் கூடும் என்று விளையாட்டாகச் சொல்வேன். பாதம் கழுவப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரும் நான் கழுவுவதற்கு முன்னாலேயே வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். நகம் வெட்டி, பித்தவெடிப்புக்கு வாசலின் தடவி, சிலர் பவுடரும் போட்டுக்கொண்டு. போன வருடம் ஒருவருடைய பாதத்தைத் துடைத்தபோது துண்டில் சந்தன வாசனை அடித்தது. குறை சொல்லவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டி வைக்கத்தானே செய்வோம்?

ஆனால் இறுதி இரவுணவின்போது இயேசு கழுவக் கையில் எடுத்த சீடர்களின் பாதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. எரிகோவிலிருந்து எருசலேமுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வழி. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் ஊர், எருசலேம் மலைமேல் இருக்கிற ஊர். அந்த ஒரு வழியிலேயே கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஏற வேண்டும். சில நாள்களுக்கு முன்புதான் சீடர்கள் அந்தக் கல்லிலும் புழுதியிலும் ஏறி வந்திருந்தார்கள். அந்தப் பாதங்களில் வெடிப்பு இருந்திருக்கும், காய்ப்பு இருந்திருக்கும், கல் கிழித்த காயம் இருந்திருக்கும்.

பேதுருவின் முறை வந்ததும் அவர் காலை நீட்டவில்லை. என் பாதத்தை ஒருபோதும் கழுவக் கூடாது என்று மறுத்துவிட்டார். இதை நாங்கள் தாழ்ச்சி என்றுதான் பிரசங்கம் வைப்போம். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஒருவர் தன் காலை இழுத்துக்கொள்வதற்குத் தாழ்ச்சி மட்டும்தான் காரணமா? அந்தக் காலில் என்ன இருந்தது என்று நற்செய்தி சொல்லவில்லை, சொல்லாததை நான் சேர்க்கப் போவதில்லை. என்றாலும் இந்தக் கேள்வி இப்போதெல்லாம் என்னை விடுவதில்லை. அதற்குக் காரணம், இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லுங்க சாமி, என் விரல்தான போச்சு, மானமா போச்சு?" என்றார்.

நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் வருடமே உபதேசியார் அவர் பெயரைப் பன்னிரண்டு பேரில் எழுதினார். "வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுவருடமும் அதே பதில். மூன்றாவது வருடமும் அதேதான். எவ்வளவு தாழ்ச்சியான மனிதர் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய மருமகள் வந்து தயங்கி நின்றார். "மாமா ரூம்ல ஒரு வாடை வருது சாமி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா எரிஞ்சு விழறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." போனேன். கட்டிலில் வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் இரண்டு ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. காலைக் காட்டுங்கள் என்றேன். "ஐயையோ, சாமி இதையெல்லாம் பாக்கக் கூடாது" என்று காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தரையில் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த கட்டை நானே பிரித்தேன். பழைய வேட்டிக் கிழிசல், மஞ்சளும் தேங்காயெண்ணெயும் ஊறி விறைத்துப் போயிருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்துவிட்டன. விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. வலிக்கிறதா என்று கேட்டேன். "அதுதான் சாமி, வலியே இல்ல. வலிச்சிருந்தா நானே போயிருக்க மாட்டேனா?" என்றார். வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஏறிய ஒரு சின்ன ஆணி, உள்பக்கம் நெல்மணி அளவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

அவருக்குச் சர்க்கரை வந்து 18 வருடம். சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் நரம்புகள் கெட்டுப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் மரத்துப்போகும். சிலருக்கு மரப்பதற்கு முன்னால் எரிச்சல் வரும், எறும்பு ஊர்வது போலிருக்கும். பிறகு ஒன்றுமே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் காயமும் ஆறாது. அவருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றினார்கள். மூன்று வருடம் ஒரு நோயைத் தாழ்ச்சி என்று நினைத்து மெச்சிக்கொண்டிருந்தவன் நான். அதை இந்தப் பீடத்திலிருந்தே ஒப்புக்கொள்கிறேன்.

வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் மண்ணில் பிறந்தவர்தான். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் மறைப்பணி செய்துகொண்டிருந்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல் தானாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளோடு இருந்து, அவர்கள் நடப்பதையும் வேலை செய்வதையும் கவனித்தார். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது, புண்ணின்மேலேயே நடக்கிறார்கள். அப்படித்தான் விரல் போகிறது என்று கண்டார். அவரும் அவரோடு உழைத்தவர்களும் அந்தக் கால்களுக்காக மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு என்பது அந்த வகைதான்.

அவர் தம் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஒரு விடுதியில் தங்கினார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோயாளிகளோடு வருடக்கணக்காக வாழ்ந்தவருக்கு என்ன தோன்றியிருக்கும்? இரவு முழுக்கத் தூங்கவில்லை. மனைவி மக்களை விட்டு ஒதுங்கி வாழ வேண்டியதுதான் என்றுகூட யோசித்துவிட்டார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்து அதே இடத்தில் குத்தினார். வலி தாங்காமல் கத்திவிட்டார். ரயிலில் ஒரே வாக்கில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். நம்மில் யாராவது கால்வலிக்காக நன்றிப் பூசை வைத்திருக்கிறோமா? என்னிடம் அப்படி ஒரு கருத்து இதுவரை வந்ததில்லை.

படுக்கப் போகும்முன் ஆன்ம சோதனை செய்யச் சொல்லி உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் அதோடு பாத சோதனையும் செய்யுங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா, எங்கேயாவது சிவந்திருக்கிறதா, கொப்புளம் உண்டா? காலில் போடும்முன் செருப்பைத் தட்டி உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். புண் கண்ணில் பட்டால் மறுநாளே டாக்டர்.

இது வலியில்லாத காலின் கதை. வலி இருந்தும் வெளியே சொல்லாத கால்கள் இன்னும் அதிகம்.

தவக்காலத்தில் ஓர் அன்பியக் கூட்டம். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். முடிந்து எழும்போது பார்க்கிறேன், தாய்மார்களில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நுனிவிரலில் ஊன்றி நொண்டுகிறார்கள். என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல சாமி, நாலு எட்டு வச்சா சரியாப் போயிரும்." அத்தனை பேரும் சொல்லி வைத்ததுபோல அதே பதில். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி ஏற்றியதுபோல இருக்குமாம், நடக்க நடக்கக் குறையுமாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒருவர் இரண்டு வருடம் என்றார். பக்கத்தில் இருந்த கணவர் திரும்பி, "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். அந்த அம்மா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

நம் பங்கிலேயே எலும்பு மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விளக்கம் கேட்டேன். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, வில்லுக்கு நாண் மாதிரி. நின்று நின்று, உடம்பின் பாரம் ஏறி ஏறி அது குதிகாலில் ஒட்டுகிற இடத்தில் நைந்துபோகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து அந்தப் பட்டை இறுகிவிடும். காலையில் முதல் அடி வைத்ததும் இறுகியது வெடுக்கென்று இழுபடும். அந்த வலிதான் இது. எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்கு எலும்பில் முள் மாதிரித் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். அந்த முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

அவர் சொன்ன வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். படுக்கையிலிருந்து இறங்கும்முன் கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள், உள்ளங்கால் விறைக்கும்வரை. பிறகு சுவரில் கையை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன், முப்பது விநாடி என்றார். நம் கணக்கில் நிதானமாக இரண்டு "அருள் நிறைந்த மரியே". ஒரு நாளைக்குச் சில தடவை. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து உள்ளங்காலில் உருட்டலாம், ஆனால் மரத்துப்போன காலுக்கு அது கூடாது, வெந்நீரும் கூடாது. ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும், கத்தி வைக்க வேண்டி வருவது மிகச் சிலருக்குத்தான். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், கட்டைவிரல் சிவந்து நெருப்பாகக் கொதித்தால், அது வேறு கதை. அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கடைசியாக அவர் கேட்டார்: "ஃபாதர், வீட்டுக்குள்ள எல்லாரும் வெறுங்கால்லதான நடக்கிறாங்க?" நம் பாட்டிமார் நடந்தது சாணம் மெழுகிய மண் தரையில். அது கொஞ்சம் வாங்கிக் கொடுக்கும். இன்று வீடெல்லாம் டைல்ஸ், கோவிலெல்லாம் கிரானைட். பொன்விழாவுக்கு இந்தக் கிரானைட்டைப் போட்டவன் நான்தான். பளபளப்பைப் பார்த்து எல்லோரும் பாராட்டினீர்கள். அதில் ஒரு மணி நேரம் வெறுங்காலில் நிற்பவர்களின் குதிகாலை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு போடச் சொன்னால், "சாமி படம் இருக்கே" என்கிறீர்கள். சரி, சாமி பக்கத்தையே பார்ப்போம். எரியும் முட்புதர் அருகே மோசேயிடம் மிதியடியைக் கழற்றச் சொன்னவர் கடவுள்தான். இன்று வாசித்த முதல் வாசகத்தைக் கவனித்தீர்களா? பாஸ்கா இரவில் அதே கடவுள் மக்களிடம், இடையில் கச்சை கட்டி, காலில் மிதியடி போட்டுக்கொண்டு, கையில் கோலோடு சாப்பிடச் சொல்கிறார். புனிதமான உணவு, காலில் மிதியடி. நீண்ட நடை காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பாலைநிலத்தில் நடந்த நாற்பது வருடத்தில் அவர்கள் கால் வீங்கவில்லை என்று இணைச்சட்ட நூல் குறித்து வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் பயணக் கணக்கை எழுதும்போது கால் வீக்கத்தையும் கணக்கில் வைத்த கடவுள் அவர்.

ஆகவே பங்குத்தந்தை என்ற முறையில் சொல்கிறேன். டாக்டர் செருப்பு போடச் சொன்னவர்கள் இன்றிலிருந்து செருப்போடு கோவிலுக்குள் வரலாம். நற்கருணை வாங்கவும் செருப்போடு வரலாம். துடைத்துக்கொள்ள வாசலில் மிதியடித் துணி போட்டிருக்கிறோம். யாராவது முறைத்துப் பார்த்தால் என் பெயரைச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் நண்பகல் சப்பரத்துக்கு மரத்த காலோடு வெறுங்காலில் வருவதையும் நிறுத்துங்கள். கொதிக்கிற தார்ச்சாலையில் கொப்புளித்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்டு கடைசியில் நடந்து போகிறவர்களுக்கும் இதேதான். பொருத்தனை உங்களுடையது, தடுக்கமாட்டேன். ஆனால் சர்க்கரைக் காலுக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போனால் மாதா கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. ஆசா அரசனுக்கு வயதான காலத்தில் பாதத்தில் நோய் வந்ததென்றும், அவன் ஆண்டவரைத் தேடாமல் மருத்துவர்களையே தேடினான் என்றும் குறிப்பேடு நூலில் உண்டு. இதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதே என்று போதிக்கிறவர்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஆசாவின் குற்றம் கடவுளை மறந்தது, மருத்துவரிடம் போனது அல்ல. மருத்துவரை மதியுங்கள், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்ற கருத்தைச் சீராக் ஒரு முழுப் பகுதியாக எழுதி வைத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு வாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்று பாதம் கழுவக் காத்திருக்கிற இந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பெண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2016 ஜனவரியில் உரோமையிலிருந்து வந்த ஆணை இதற்கு வழிவிட்டது. நம் பங்கில் நாம் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் கடைவீதியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும், சாப்பாட்டு நேரம் மட்டும் விதிவிலக்கு. கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நீலமாகச் சுருண்டிருக்கிறது. உட்கார ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். "ஸ்டூல் இருக்கு சாமி. சூப்பர்வைசர் கண்ணுல படாம உக்காரணும்." இன்னொரு சேதியும் சொன்னார்: காலை நீவி விடுவதற்காகவே கீழே விழாத துணியைக் குனிந்து எடுப்பதுபோல் நடிப்பார்களாம்.

இருக்கை என்பது முதலாளியின் தயவு இல்லை. கேரளம் 2018-இல் இதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலையாள்கள் உட்கார ஏற்ற இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லும்வரை, ஞாயிறுதோறும் நற்செய்தி கேட்கிற நமக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். கடை வைத்திருப்பவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தக் கிரானைட்டில் உங்கள் காணிக்கைதான் அதிகம், அதை மறக்கவில்லை. நாளை பெரிய வெள்ளி, கடை கிடையாது. சனிக்கிழமை ஷட்டரைத் தூக்கும்போது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற உங்கள் நாற்காலியை ஒருமுறை பாருங்கள். பிறகு கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

இயேசு மேசையிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, தண்ணீரை ஊற்றி, கழுவி, அந்தத் துண்டாலேயே துடைத்தார் என்று யோவான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். துடைத்ததைக்கூட விடவில்லை. பெரியவருக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் சகோதரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: "கழுவுறது எல்லாரும் செய்வாங்க ஃபாதர், விரல் இடுக்கை ஈரமில்லாம ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது." எத்தனையோ வருடமாக நான் மூன்று சொட்டுத் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒரு தடவு தடவிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்று கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவினர் இரண்டு பாட்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. கையில் சூடு சரியாகத் தெரியாது என்பதால் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டேன். பெரியவர் முதலில் வரட்டும். பன்னிரண்டு பேரும் எழுந்து வாருங்கள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டாம், நாற்காலிவரை போட்டுக்கொண்டே வாருங்கள். வாரை நான் கழற்றிக்கொள்கிறேன்.